முதலாளியின் வரியும் பலகையில் இருக்கட்டும்

திருகோணமலை நிலாவெளியில் 14 அறைகளோடு ஒரு விருந்தினர் விடுதி நடத்தும் நண்பர் ஒருவர் போன மாசியில் என்னைத் தேடி வந்தார். "அண்ணா, 19 பேர் வேலை செய்கிறார்கள். ஒருவரும் சோம்பேறி இல்லை. ஆனால் ஏதாவது பிழையாகிப் போனால் அது யாருடைய பொறுப்பு என்று எனக்குத் தெரிவதில்லை, அவர்களுக்கும் தெரிவதில்லை. சீசன் தொடங்குவதற்கு முதல் ஒரு முறையை வைக்கவேண்டும். எதை வைக்கலாம்?" என்று கேட்டார்.

கையில் ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தார். கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போனபோது கொடுத்தார்களாம். நான்கைந்து முறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். எல்லாமே நல்லவை என்று எழுதியிருந்தது. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதைத்தான் காணவில்லை. இரண்டு மாலை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்த ஒப்பீட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இப்போது சிறு வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். அதற்கு முதல் உப்புவெளியில் ஒரு விடுதியில் நான்கு சீசன் மனேஜராக இருந்தேன். அங்கே நான் செய்த பிழை ஒன்றும் இதில் வரும்.

முறைகளுக்குள் போகுமுன் ஊரின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். திருகோணமலையில் கடல் சித்திரைக்குப் பிறகுதான் படிகிறது. அப்போதிருந்து புரட்டாசி வரை புறாத்தீவுக்குப் படகு ஓடும், அறைகள் நிறையும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கினால் படகுகள் கரையேறிவிடும், தை வரைக்கும் பாதிக்கு மேற்பட்ட அறைகள் பூட்டித்தான் கிடக்கும். சீசனுக்குள்ளேயும் ஒரே சீராக இராது. போயாவோடு, அதாவது பௌர்ணமி விடுமுறையோடு, சேர்ந்து வரும் நீண்ட வார இறுதி ஒரு மாதிரி, பாடசாலை விடுமுறை இன்னொரு மாதிரி, வெறும் செவ்வாய்க்கிழமை வேறொரு மாதிரி. ஆகவே "போன மாதத்தை விடக் கூடியதா, குறைந்ததா" என்ற கேள்வி இங்கே அதிகம் உதவாது. ஆவணியையும் கார்த்திகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாங்கள் அளப்பது காற்றைத்தான், ஆட்களின் வேலையை அல்ல. எந்த முறையை எடுத்தாலும் போன வருடத்தின் அதே வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். போயா எந்த வாரத்தில் விழுந்தது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாத முடிவுக் கணக்கு

நண்பர் இதுவரை வைத்திருந்தது இது ஒன்றுதான். மாதம் முடிந்து பத்து நாளுக்குள் லாப நட்டக் கணக்கு அவர் கைக்குப் போகும். வங்கிக்கும் வரிக்கும் அது வேண்டும், ஊழியர் சேமலாப நிதி கட்டுவதற்கும் சம்பளக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பொறுப்பை வளர்க்க அது உதவாது. இரண்டு காரணங்கள். ஒன்று, காலம். ஆனி 2ஆம் திகதி நடந்த வீண்செலவு ஆடி 10ஆம் திகதிதான் தாளில் தெரியவருகிறது. அதற்குள் அந்த விருந்தினர் ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பார். மற்றது, கணக்கின் வரிகள் செலவின் பெயரில் இருக்கின்றன, ஆட்களின் பெயரில் இல்லை. "உணவுச் செலவு" என்று ஒரு வரி. அதற்குள் சமையற்காரரின் கை இருக்கிறது, சந்தைக்குப் போய் வாங்குகிறவரின் கை இருக்கிறது, ஆறு பேர் வரவில்லை என்பதைச் சமையலறைக்குச் சொல்ல மறந்த வரவேற்புப் பையனின் கையும் இருக்கிறது. தொகை கூடிவிட்டது என்று கூட்டத்தில் கேட்டால் மூவரும் நிலத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் மறைக்கிறார்கள் என்று நினைக்கக்கூடாது. உண்மையிலேயே ஒருவருக்கும் தெரியாது.

ஆளுக்கு ஒரு இலக்கு, இலக்குக்கு ஒரு போனஸ்

நண்பருக்கு இதில்தான் ஆசை இருந்தது. கேட்கும்போது நேர்மையான முறையாகத்தான் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணைக் கொடு, எட்டினால் காசைக் கொடு, எட்டாவிட்டால் கேள்வி கேள். உப்புவெளியில் நானும் இதைத்தான் செய்தேன்.

அங்கே 20 அறைகள். ஓர் அறை ஓர் இரவுக்குப் போனால் ஒரு ரூம் நைட். அப்படி வாரத்துக்கு 140 ரூம் நைட். வார நாட்களில் அறைகள் காலியாகக் கிடந்தன. வரவேற்பில் இருந்த தம்பி கெட்டிக்காரன், ஓடியாடி வேலை செய்கிறவன். அவனிடம், "80 வீதம் நிரப்பினால் மாதா மாதம் போனஸ்" என்றேன். இரண்டே வாரத்தில் நிரப்பிக் காட்டினான். எனக்குப் பெரிய சந்தோஷம். கையோடு காசையும் கொடுத்தேன்.

எப்படி நிரப்பினான் என்பதை அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். எண்களைக் கொஞ்சம் எளிதாக்கிச் சொல்கிறேன். முன்பு வாரத்துக்கு 84 ரூம் நைட் சராசரி 12,000 ரூபாவுக்குப் போனது. அதாவது 60 வீதம் நிரம்பி, 10,08,000 ரூபா வருமானம். இலக்கு வைத்த பிறகு 112 ரூம் நைட் போனது, சரியாக 80 வீதம். ஆனால் சராசரி விலை 8,700. வருமானம் 9,74,400. அறைகள் கூடின, பணம் குறைந்தது. கூடுதலாகப் போன 28 அறைக்கும் சலவை, சவர்க்காரம், காலைச் சாப்பாடு, கரண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் 1,800 ரூபா வைத்தால் இன்னும் 50,400 கழியும். ஆக, வாரத்துக்கு 84,000 ரூபா இழந்துகொண்டு, அந்த இழப்புக்கு நானே போனஸும் கொடுத்திருக்கிறேன்.

பணத்தை விட என்னை உறுத்தியது வேறொன்று. ஒரு சனிக்கிழமை பகல் 1.40 இருக்கும். அறைகளைப் பார்க்கிற அக்கா சலவை அறையில் நின்று, ஈரம் காயாத பெட் ஷீட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். துணியிலிருந்து ஆவி எழும்பி அவருடைய முகத்தில் அடித்தது. வெளியே இரண்டு குடும்பங்கள் பைகளின் மேல் உட்கார்ந்து அறைக்காகக் காத்திருந்தன. காயப்போட நேரமில்லை, மாற்று ஷீட் இல்லை. முன்பு 12 அறை மாற்றின அதே மூன்று பேர் அன்றைக்கு 17 அறை மாற்ற வேண்டியிருந்தது. அவருடைய கஷ்டம் என்னுடைய எந்த எண்ணிலும் இல்லை. இணையத்தில் பத்துக்கு 8.6 என்று இருந்த எங்கள் புள்ளி அந்த சீசனுக்குள் 8.1க்கு இறங்கியது.

தம்பி மேல் ஒரு பிழையும் இல்லை. நான் கேட்டதைத்தான் அவன் செய்தான். நான் கேட்க வேண்டியது நிரம்பிய வீதத்தை அல்ல, இருக்கிற ஒவ்வோர் அறைக்கும் எவ்வளவு வருமானம் வந்தது என்பதை. ஹோட்டல்காரர்கள் ரெவ்பார் என்பார்கள். அறை வருமானத்தை, விற்றது விற்காதது எல்லாம் சேர்த்து மொத்த ரூம் நைட்டால் வகுப்பது. அப்படி வகுத்தால் முன்பு 7,200, பிறகு 6,960. இந்த ஓர் எண் முதல் வாரத்திலேயே என்னை எச்சரித்திருக்கும்.

அளக்கிற எண்ணையே இலக்காக்கிவிட்டால் அதன் மேல் வைத்த நம்பிக்கை போய்விடும் என்று பிரித்தானியப் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் எழுதியதை நான் பின்னால்தான் வாசித்தேன். அவர் பேசியது பண நிரம்பலை, அதாவது நாட்டில் புழங்கும் பணத்தின் அளவைப் பற்றி. ஆனால் விடுதிக்கும் அது அப்படியே பொருந்துகிறது. இதன் மிக மோசமான முகத்தை அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியில் பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளையாவது விற்கவேண்டும் என்று ஊழியர்களை நெருக்கினார்கள். நெருக்குதல் தாங்காமல், வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர்களுடைய பெயரில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் விஷயம் வெளியே வந்தபோது வங்கிக்கு 18.5 கோடி டொலர் தண்டம், அந்த விவகாரத்தில் வேலையிழந்தவர்கள் ஏறத்தாழ 5,300 பேர். அத்தனை பேரும் பிறவியிலேயே ஏமாற்றுக்காரர்கள் என்று யார் நம்புவார்கள்?

போனஸ் இல்லாமல் வெறும் தனி இலக்கு வைத்தாலும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் தன் வகுப்புகளில் ஒரு சோதனை செய்து காட்டுவார். ஒரு பெட்டி நிறைய மணிகள். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு, மற்றவை வெள்ளை. 50 குழி உள்ள ஒரு தட்டால் ஒவ்வொருவரும் அள்ளவேண்டும். சிவப்பு என்றால் பழுது. ஒருவருக்கு 6 சிவப்பு வரும், இன்னொருவருக்கு 14 வரும். 6 எடுத்தவரைப் பாராட்டுவார், 14 எடுத்தவரைக் கண்டிப்பார். அடுத்த தடவை பாராட்டு வாங்கியவருக்கே 13 வந்துவிடும். அள்ளுகிறவரின் திறமைக்கும் சிவப்புக்கும் சம்பந்தமே இல்லை, பெட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் தட்டில் வருகிறது. பெட்டியை நிரப்பியது முதலாளி. வாரா வாரம் ஒருவரைத் தட்டிக்கொடுத்து இன்னொருவரைக் கடிந்துகொள்ளும் இடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

நண்பரிடம் இரண்டு படகுகளும் இருக்கின்றன. அங்கே இதை இன்னும் கண்டிப்பாகச் சொன்னேன். படகோட்டிக்குப் பயண எண்ணிக்கையை வைத்துப் போனஸ் கொடுக்கவே கூடாது. காற்று எழும்பின காலையில் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல படகோட்டி. அந்தச் சொல்லுக்கு நாங்கள் விலை வைத்தால், சொல்லவேண்டிய நேரத்தில் அது அவர் வாயில் வராது.

பெரிய கட்டமைப்புகள்

காகிதக் கட்டில் அதிக இடம் பிடித்திருந்தவை இவை. ரொபர்ட் கப்லனும் டேவிட் நோர்டனும் 1992இல் முன்வைத்த சமநிலை மதிப்பெண் அட்டை ஒன்று. பணம், வாடிக்கையாளர், உள்வேலை, கற்றலும் வளர்ச்சியும் என்று நான்கு பக்கமிருந்து நிறுவனத்தைப் பார்க்கச் சொல்கிறது. இன்டெல்லில் அன்டி குரோவ் 1970களில் வளர்த்த, ஜோன் டோர் 1999இல் கூகுளுக்குக் கொண்டுபோன ஓகேஆர் மற்றொன்று. ஒரு குறிக்கோள், அதை எட்டியதைக் காட்டும் சில எண்கள், பெரும்பாலும் காலாண்டுக்கு ஒரு சுற்று.

இரண்டும் நல்ல சிந்தனைகள்தான். நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில், ஒரு பிரிவு என்ன செய்கிறது என்று அடுத்த பிரிவுக்குத் தெரியாத இடத்தில், இவை வேண்டும். 19 பேருக்கு இதை யார் பராமரிப்பது? நண்பரின் மனேஜர்தான் கூரை ஒழுகினாலும் பார்க்கிறார், பொலிஸ் பதிவுக்கும் போகிறார். அத்தோடு காலாண்டுச் சுற்று என்றால் எங்கள் சீசனில் இரண்டு சுற்றுக்கூட முழுதாக அடங்காது. கப்லன், நோர்டனிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்: எண்கள் எல்லாம் பணமாக இருக்கக்கூடாது. மற்றதை மூடி வைத்தோம்.

வாரப் பலகை

கடைசியில் நான் சொன்னதும் அவர் ஏற்றுக்கொண்டதும் இதைத்தான். ஒரு வெள்ளைப் பலகை, ஆறு வரிகள். வரிக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரே ஒரு பெயர். திங்கள் மாலை மூன்றரைக்கு, தேநீர் நேரத்தில், எல்லாரும் பலகைக்கு முன்னால் 15 நிமிடம் நிற்பது. உட்கார்ந்தால் பேச்சு நீளும்.

பலகையை அலுவலக அறையில் மாட்ட நினைத்தார். வேண்டாம் என்றேன். அலுவலகத்துக்குள் சமையற்காரர் வருவது சம்பள நாளன்றைக்கு மட்டும்தான். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினோம். எல்லாரும் நாளைக்கு நாலு தரம் கடந்துபோகிற இடம் அது.

எந்த ஆறு எண்கள் என்பதற்குத்தான் ஒரு மாலை முழுதும் போனது. வரவேற்புக்கு ரெவ்பாரும், அதன் பக்கத்தில் போன வருடத்து அதே வாரத்தின் ரெவ்பாரும். அறைகளுக்கு, பகல் 2 மணிக்குத் தயாராகாத அறைகள் எத்தனை. சமையலறைக்கு, காலைச் சாப்பாட்டில் மிஞ்சி வாளிக்குப் போனது எத்தனை கிலோ. படகுக்கு, காற்றாலோ அலையாலோ வேண்டாம் என்று நிறுத்திய பயணங்கள் எத்தனை. இந்த எண் பூச்சியமாக இருந்தால் பாராட்ட மாட்டோம், கூடினால் கேள்வி கேட்க மாட்டோம். நிறுத்துவதும் வேலைதான் என்று எல்லார் கண்ணுக்கும் தெரியவேண்டும், அதற்காகவே அந்த வரி. மனேஜருக்கு, விருந்தினர் சொன்ன குறைகளில் அன்றைக்கே தீர்க்காதவை எத்தனை. ஆறாவது வரி நண்பருக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

யாருடைய பெயர் வரியில் இருக்கிறதோ அவரே மாக்கரை எடுத்துத் தன் கையால் எழுதவேண்டும். மனேஜர் எழுதி வைத்தால் அது குற்றப்பத்திரிகை மாதிரி ஆகிவிடும். தானே எண்ணி, தானே எழுதும்போது, "இந்த முறை ஏன் ஏழு தெரியுமா" என்று அவரே பேசத் தொடங்குவார். பொறுப்பு என்று நாங்கள் தேடிக்கொண்டிருப்பது அந்தப் பேச்சைத்தான்.

திருகோணமலைக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நண்பரிடம் சமையற்காரர் கந்தளாயிலிருந்து வந்த சிங்களவர், படகோட்டிகள் இருவரில் ஒருவர் கிண்ணியா முஸ்லிம், அறைகளைப் பார்ப்பவர்கள் சாம்பல்தீவுப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள். மாத அறிக்கையை எந்த மொழியில் எழுதினாலும் யாராவது ஒருவர் வெளியே நிற்கவேண்டி வரும். பலகையில் வாளியின் படம், கட்டிலின் படம், படகின் படம் கீறி, பக்கத்தில் எண்ணைப் போட்டோம். 7 என்பது எல்லாருக்கும் 7தான்.

எண் ஒரு முடிவுக்கு எப்படிக் கொண்டுபோகிறது என்பதற்கு வாளிக் கதையைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் மிச்சத்தை வில்தராசில் தொங்கவிட்டு நிறுத்தால் 23 கிலோ. அடுத்த வாரம் 25. சமையற்காரர் அளவுக்கு மிஞ்சிச் சமைக்கிறார் என்றுதான் நண்பர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். மூன்றாவது திங்கள் சமையற்காரரே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். பாதிக்கு மேல் இடியப்பமும் சம்பலும். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வரும் குடும்பங்கள் இடியப்பத்தைத் தேடிச் சாப்பிடுவார்கள், வெளிநாட்டுக்காரர் அநேகமாகப் பழத்தோடும் முட்டையோடும் எழும்பிவிடுவார்கள். நாளைக்கு எத்தனை பேர் உள்நாடு, எத்தனை பேர் வெளிநாடு என்று சமையலறைக்கு ஒருவரும் சொல்வதில்லை. அவர் எல்லாருக்கும் எல்லாமும் செய்து வைத்தார். அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தார்கள்: இரவு 8 மணிக்கு வரவேற்பு இரண்டு எண்களை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டவேண்டும். அடுத்த வாரம் 14 கிலோ, அதற்கடுத்த வாரம் 11.

மாதக் கணக்கு இதைக் காட்டியிருக்காது. தனி இலக்கு வைத்திருந்தால் சமையற்காரர் குறைவாகச் சமைத்து, ஞாயிறு காலையில் ஒரு குடும்பம் வெறும் பாணோடு எழும்பியிருக்கும். பிழை ஓர் ஆளிடம் இல்லை, இரண்டு ஆட்களுக்கு நடுவில் இருந்தது. எல்லாரும் ஒரே இடத்தில் நின்று பார்த்ததால்தான் அது தெரிந்தது.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. எண்கள் பெருகும். ஆறு பத்தாகும், பத்து பதினைந்தாகும், பிறகு ஒருவரும் பார்க்கமாட்டார்கள். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையதில் ஒன்றை அழிக்கவேண்டும் என்று நாங்கள் விதி வைத்தோம். அடுத்தது, ஒரு வாரத்து எண்ணைப் பார்த்துக் குதிப்பது. டெமிங்குக்கு ஆசான் போல இருந்த வோல்டர் ஷுவார்ட் 1924இல் ஒரு வரைபடத்தைக் கீறினார். சாதாரணமாக எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்று மேலும் கீழும் கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டினால் மட்டும் காரணத்தைத் தேடச் சொன்னார். நாங்கள் அவ்வளவு கணக்குப் போடவில்லை. ஒரு வாரம் கெட்டால் குறித்துக்கொள்வது, மூன்று வாரம் ஒரே பக்கமாகப் போனால் உட்கார்ந்து பேசுவது. ஓர் எண் திடீரென்று இரண்டு மடங்கானால் அன்றைக்கே பேசுவது. பெரிய ஆபத்து, பலகை நீதிமன்றமாவது. ஒரு திங்கள் யாரையாவது எல்லாருக்கும் முன்னால் அவமானப்படுத்தினால் போதும், அடுத்த திங்களிலிருந்து எல்லா எண்ணும் அழகாக இருக்கும், ஒன்றும் உண்மையாக இராது.

கணக்கைத் திறந்து காட்டலாமா

இதுவும் காகிதக் கட்டில் இருந்தது. நண்பர் கொஞ்சம் பயந்தார். வருமானத்தைக் காட்டினால் சம்பளம் கூட்டிக் கேட்பார்களே என்றார்.

கடற்கரையில் போய்ப் பார்க்கச் சொன்னேன். வலை வந்தவுடன் மீனை எல்லார் கண்ணெதிரிலும்தான் நிறுக்கிறார்கள். எண்ணெய்க் காசு, ஐஸ் காசு என்று செலவைச் சத்தமாகச் சொல்லிக் கழிக்கிறார்கள். மிச்சத்தில் படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. பங்கு போதாது என்று சண்டை வரும், ஆனால் எவ்வளவு மீன் வந்தது என்பதில் சண்டை வராது. கடல் தொழிலில் கணக்கு எப்போதோ திறந்துதான் கிடக்கிறது. விடுதியிலும் பாதி திறந்துதான் இருக்கிறது. பில்லில் போடும் நூற்றுக்குப் பத்துச் சேவைக் கட்டணம் ஊழியருக்குப் பிரிக்கப்படுகிறது. பிரித்துக் கையில் கொடுத்தவுடனே, எல்லார் பங்கையும் கூட்டிப் பத்தால் பெருக்கி மொத்த விற்பனை எவ்வளவு என்று அறை துடைக்கிற பிள்ளையும் சொல்லிவிடும். தெரியாதது செலவுதான். வருமானம் மட்டும் தெரிந்து செலவு தெரியாத ஊழியருக்கு முதலாளி எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போவதாகத்தான் தோன்றும்.

ஆனாலும் முதல் சீசனிலேயே முழுக் கணக்கையும் திறக்கச் சொல்லவில்லை. பழகாத இடத்தில் கடன் தொகையைப் பார்த்ததும் விடுதி மூடப்போகிறது என்று பயந்து, ஆட்கள் வேறு வேலை தேடத் தொடங்கலாம். கரண்ட், காஸ் சிலிண்டர், சலவை, புக்கிங் தளங்களின் கொமிஷன் என்ற நான்கு செலவை மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை பலகையின் ஓரத்தில் எழுதச் சொன்னேன். அந்த நான்கையும் அவர்களால் குறைக்க முடியும். சம்பளத்தை யார் எவ்வளவு வாங்குகிறார் என்று போடவே கூடாது.

ஆறாவது வரி

கீழே உள்ளவர்களை மட்டும் அளக்கும் எந்த முறையும் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்பதை நான் கண்டதில்லை. உப்புவெளியில் அக்கா ஈர ஷீட்டை அயன் பண்ணியதற்கு யார் பொறுப்பு? மாற்று ஷீட் வேண்டும் என்று அவர் வைகாசியிலேயே என்னிடம் கேட்டிருந்தார். பார்ப்போம் என்று சொன்னேன். விடுதி உரிமையாளரிடம் கேட்கவேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதியும் வைத்தேன். ஆவணியிலும் அது அந்தக் கொப்பியில்தான் கிடந்தது. அக்காவின் வேலையை அளக்க ஆயிரம் எண் வைக்கலாம். என்னுடைய "பார்ப்போம்" என்ற சொல்லை அளக்க ஓர் எண்ணும் இருக்கவில்லை.

ஆகவே ஆறாவது வரி நண்பரின் பெயரில். ஊழியர்கள் கேட்டு, ஆம் இல்லை என்று இன்னும் அவர் பதில் சொல்லாத விஷயங்கள் எத்தனை, அதில் மிகப் பழையது எத்தனை நாள். "இல்லை" என்பதும் பதில்தான். பணம் இல்லை, அடுத்த சீசனில் பார்க்கலாம் என்று திகதியோடு சொன்னாலும் அந்த வரியிலிருந்து கழித்துவிடலாம். பதிலே சொல்லாமல் விடுவதுதான் எண்ணில் ஏறும்.

இந்த வரிக்கு அவர் உடனே சம்மதிக்கவில்லை. முதலாளியை எல்லாருக்கும் முன்னால் நிற்கவைப்பதா என்று கேட்டார். ஆளைப் பார்த்து, "சரி, நீங்கள் நிற்கமாட்டீர்கள் என்றால் பலகையையே வாங்க வேண்டாம், மாதக் கணக்கே போதும்" என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன். அந்த வரி இல்லாத பலகையை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த திங்கள் முதல் கூட்டம். நானும் போயிருந்தேன். ஒவ்வொருவராக எழுதினார்கள். கடைசியில் நண்பர் மாக்கரை வாங்கி 11 என்று எழுதினார். பழையது 47 நாள். கொடியில் துணி காயப்போட இன்னும் இரண்டு வரிசைக் கம்பி கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். கம்பி அன்று மாலையே வந்துவிட்டது. நாலாவது திங்களில் அந்த எண் 3.

ஆடியில் ஒரு தடவை போனபோது நண்பர் வங்கி விஷயமாகப் பட்டினத்துக்குப் போய், திங்கள் கூட்டத்துக்குப் பிந்தி வந்தார். எல்லாரும் தேநீரைக் குடித்து முடித்திருந்தார்கள், ஆனால் ஒருவரும் கலையவில்லை. அங்கே அறைகளைப் பார்க்கிற அக்கா ஒருவர் மாக்கரை மூடாமல் கையில் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றார். நண்பர் உள்ளே வந்ததும் அதை அவரிடம் நீட்டினார்: "தம்பி, உங்கட வரி இன்னும் எழுதேல்ல."